பார்சல் வந்து சேரவில்லை என்று வாங்கியவர் சொன்னால்? வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் பொருள் விற்பவர்களிடமிருந்து இம்முறை வந்திருக்கும் கடிதங்கள் பலவும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. விற்றவர் அனுப்பிவிட்டேன் என்கிறார். வாங்கியவர் வரவில்லை என்கிறார். நடுவில் பணம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை ஒரே வழக்கு அல்ல. பார்சல் வழியில் காணாமற்போவது வேறு. ‘டெலிவரி ஆனது’ என்று பதிவான பிறகு கையில் இல்லாமற்போவது வேறு. பெட்டி வந்து உள்ளே பொருள் இல்லாதிருப்பது முற்றிலும் வேறு. எது நடந்திருக்கிறது என்று நிதானிக்காமல் பதில் எழுதத் தொடங்கியதால்தான் சிலர் தங்கள் பக்கத்து நியாயத்தைத் தாங்களே இழந்திருக்கிறார்கள்.

கேள்வி: பழைய கேமரா லென்சுகளை வாங்கிச் சுத்தம் செய்து இணையத்தில் விற்று வருகிறேன். சென்ற வாரம் அனுப்பிய ஒரு லென்ஸ், டிராக்கிங் பக்கத்தில் ‘டெலிவரி செய்யப்பட்டது’ என்று காட்டுகிறது. வாங்கியவரோ தமக்கு எதுவும் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதியிருக்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சான்று கையில் இருக்கும்போது நான் ஏன் பணம் தர வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு மட்டும் இப்போதே வந்துவிடாதீர்கள், அம்மா. அந்த எண்ணத்தோடு நீங்கள் எழுதும் முதல் வரி, பின்னால் இந்த வழக்கைத் தீர்த்துவைக்கப் போகிறவரின் கண்ணிலும் படும். விற்றவர், வாங்கியவர் இருவருமே உண்மை பேசும்போதும் இந்தத் தகராறு பிறக்கும்.

‘டெலிவரி செய்யப்பட்டது’ என்பது, பார்சலைக் கொண்டுபோனவர் தம் கையிலிருந்த கருவியில் அந்த நிமிடம் அப்படிப் பதிந்தார் என்பதற்குச் சான்று. பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று அல்ல. அன்றைய கணக்கை முடிப்பதற்காக மாலையிலேயே பதிந்துவிட்டு மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுப்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டிலோ, காவலாளியிடமோ, அடுத்த கட்டடத்தில் அதே கதவு எண் உள்ள வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. வீட்டில் வேறொருவர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சொல்ல மறந்திருக்கலாம். வாசலில் வைத்ததை யாரோ எடுத்துப் போயிருக்கலாம். இவற்றில் எதிலும் உங்கள் வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலையை உங்கள் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். ஆர்டர் பக்கத்தில் இருக்கும் முகவரியையும் பெட்டியில் ஒட்டிய லேபிளின் நகலையும் அருகருகே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் தட்டச்சு செய்யும்போது 14/2 என்ற கதவு எண் 142 ஆகிவிடும். மாடி எண் விட்டுப்போகும். அஞ்சல் குறியீட்டில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிடும். பிழை உங்களுடையது என்று தெரிந்தால் மேற்கொண்டு விவாதம் வேண்டாம். அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொருளைத் திரும்பப் பெறும் வேலையைக் கூரியரோடு தனியாகப் பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தால் அடுத்து கூரியர் நிறுவனத்துக்கு எழுதுங்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய டிராக்கிங் பக்கத்தில் பெரும்பாலும் ஊரும் தேதியும்தான் தெரியும். அவர்களுடைய உள்பதிவில் அதைவிட நிறைய இருக்கும்: முழு முகவரி, ஒப்படைத்த நேரம், பெற்றுக்கொண்டவர் பெயர் அல்லது கையொப்பம், வாசலில் எடுத்த புகைப்படம், சில நிறுவனங்களில் கருவி பதிந்த இடத்தின் ஜிபிஎஸ் குறியீடு. கட்டணம் செலுத்தி ஒப்பந்தம் செய்துகொண்டவர் நீங்கள் என்பதால் இவற்றைக் கேட்க வேண்டியவரும் நீங்களே. ‘நீங்களே கூரியரில் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று வாங்கியவரிடம் தள்ளிவிடுவது சரியல்ல. தொலைபேசியில் பேசினால் மட்டும் போதாது, எழுத்தில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இதில் ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம், ஏனென்றால் நாளுக்கு எத்தனையோ வாசல்கள் ஏறி இறங்குகிற அந்த ஊழியருக்கு, ஒரு வாரம் கழிந்த பிறகு உங்கள் பெட்டி எந்த வாசலில் இறங்கியது என்பது நினைவிருக்காது.

புகைப்படம் கிடைத்தால் அதை உங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பி, ‘இது உங்கள் வாசல்தானா?’ என்று மட்டும் கேளுங்கள். கதவின் நிறம், மிதியடி, சுவரில் உள்ள மின்பெட்டி ஆகியவற்றைப் பார்த்து அவரே ‘இது எதிர்வீடு’ என்று சொல்லிப் போய் வாங்கிவந்த நிகழ்ச்சிகள் பல உண்டு.

இதற்கிடையில் அவருக்கு எழுத வேண்டிய பதில் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: ‘உங்களுக்குப் பார்சல் கிடைக்கவில்லை என்பதை அறிந்து வருந்துகிறேன். இன்ன தேதி, இன்ன நேரத்தில் ஒப்படைத்ததாகக் கூரியர் பதிவு காட்டுகிறது. இன்றே அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்; எண் இது. வீட்டில் உள்ளவர்களிடமும் அக்கம்பக்கத்திலும் ஒருமுறை விசாரித்துச் சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் கூரியர் சொன்ன பதிலோடு உங்களுக்கு மீண்டும் எழுதுகிறேன்.’ இதில் குற்றச்சாட்டும் இல்லை, கொடுக்க முடியாத வாக்குறுதியும் இல்லை. சொன்ன நாளில் கூரியரிடமிருந்து பதில் வராவிட்டாலும், வரவில்லை என்பதையாவது எழுதிவிடுங்கள். விற்றவர் மௌனமாகிவிட்டார் என்ற எண்ணம் வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் அதிகாரபூர்வமாகப் புகார் கொடுக்கிறார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் விற்பனைத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். வெளியே வாட்ஸ்அப்பில் பேசியதைத் தளத்தார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

இனி, நஷ்டம் யாருடையது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறியாணையும், பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும், வணிகர் ஒருவர் நுகர்வோருக்குப் பொருள் விற்கும்போது, அது வாங்கியவர் கைக்கோ அவர் குறிப்பிட்டுச் சொன்ன ஒருவர் கைக்கோ போகும்வரை இழப்பு விற்றவருடையதே என்கின்றன. வாங்கியவர் தாமாகவே ஒரு கூரியரை அமர்த்திக்கொண்டால் மட்டும் நிலைமை மாறும். வீட்டிலிருக்கும் பழைய பொருளை எப்போதாவது விற்கும் தனிமனிதருக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. ஆனால் நீங்கள் தொழிலாகவே செய்கிறீர்கள்.

மற்றொன்று, விற்பனைத் தளமும் பணம் செலுத்தும் நிறுவனமும் வைத்திருக்கும் விதி. இவர்கள் கையைப் பார்ப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கிறார்கள். உதாரணமாக, இணையவழிப் பணம் செலுத்தும் நிறுவனமான பேபாலின் ‘விற்பனையாளர் பாதுகாப்பு’ (தகராறு வந்தால் விற்றவரின் பணத்தைக் காக்கும் ஏற்பாடு) வேண்டுமானால், பரிவர்த்தனைப் பக்கத்தில் இருந்த முகவரிக்கே பொருளை அனுப்பியிருக்க வேண்டும். அங்கே ஒப்படைக்கப்பட்டதற்கான பதிவும் இருக்க வேண்டும். 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள விற்பனைகளுக்குக் கையொப்பமும் இருக்க வேண்டும். ஈபே என்ற விற்பனைத் தளத்திலும் கையொப்பத்துக்கான எல்லை அதே 750 டாலர்தான். இந்த அளவுகோலின்படி உங்கள் பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், கூரியரின் விசாரணை முடியும்வரை பணம் தரவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். விசாரணை முடிந்த பிறகும் ‘இந்த வாசலில்தான் கொடுத்தோம்’ என்ற உறுதியான சான்று வராவிட்டால், டிராக்கிங் பக்கத்தின் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சான்று வந்தால் அதை அவருக்கும் தளத்துக்கும் கொடுத்துவிட்டு, தளத்தின் தீர்ப்புக்கு விட்டுவிடுங்கள். அதன் பிறகும் அவர் நுகர்வோர் சட்டத்தைக் காட்டிக் கேட்டால், உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி நடந்துகொள்வதுதான் முறை.

கேள்வி: பெட்டி வந்தது, பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை என்கிறார் வாங்கியவர். நான் என் கையால் வைத்து ஒட்டிய பொருள் அது. இதை ‘பார்சல் கிடைக்கவில்லை’ என்ற புகாராக எடுத்துக்கொள்வதா?
– கைக்கடிகாரங்கள் விற்கும் வாசகர்

பதில்: இல்லை, ஐயா. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். வெற்றுப் பெட்டி என்பது பெரும்பாலான இடங்களில் ‘சொன்னபடி பொருள் இல்லை’ என்ற வகைப் புகாராகவே எடுத்துக்கொள்ளப்படும். பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு, பொருள் கிடைக்கவில்லை என்ற புகார்களுக்கும் கணக்கு உரிமையாளரின் அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கும் உண்டு. சொன்னபடி பொருள் இல்லை என்ற புகாருக்குக் கிடையாது. ஆகவே ‘பெட்டி போய்ச் சேர்ந்ததற்குச் சான்று இருக்கிறதே’ என்று டிராக்கிங் எண்ணை மட்டும் கொடுத்தால் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னவராவீர்கள். பெட்டி போனதை அவரும் மறுக்கவில்லை அல்லவா?

இங்கே உங்களுக்காகப் பேசக்கூடியது எடை. ஒரு கடிகாரமும் அதன் உறையும் 340 கிராம், அட்டைப்பெட்டியும் குமிழி உறையும் 160 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் அலுவலகத்தில் நிறுத்துக் கொடுத்த ரசீதில் 500 கிராம் என்று இருந்தால், பெட்டி உங்கள் கையை விட்டுப் போகும்போது காலியாக இல்லை என்பதற்கு மூன்றாம் மனிதர் ஒருவரின் எழுத்து இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பிரிப்பு மையங்களில் பெட்டிகள் நகரும் பட்டையில் ஓடும்போதே மறுபடி நிறுக்கப்படுகின்றன. அந்த எடைப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். எல்லா மையத்திலும் 500 என்றிருந்தால் பொருள் கடைசிக் கட்டத்திலோ அதற்குப் பிறகோதான் போயிருக்கிறது. நடுவில் ஓரிடத்திலிருந்து 160 என்று மாறியிருந்தால் வாங்கியவர் சொல்வது உண்மை. உங்கள் பேச்சு இனிக் கூரியரோடுதான். ஆனால் அரைக் கிலோ வரை ஒரே கட்டணம் என்பதற்காக, நிறுக்காமலேயே ரசீதில் ‘0.5’ என்று போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ரசீதால் பயனில்லை. தராசில் வைத்து உண்மையான எடையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டும்.

வாங்கியவரிடம் கேட்க வேண்டியதையும் உடனே கேளுங்கள். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம் என்பதுதான் முதல் வேண்டுகோள். பெட்டியின் ஆறு பக்கங்களையும், லேபிளையும், டேப் ஒட்டிய விளிம்புகளையும் அருகிலிருந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒருமுறை ஒட்டிய டேப்பைக் கிழித்துவிட்டு மேலே இன்னொன்றை ஒட்டினால் அடியிலிருக்கும் அட்டையின் மேல்தாள் உரிந்திருப்பது தெரியும். இரண்டு டேப்புகளின் அகலமோ நிறமோ மாறியிருக்கும். அடிப்பாகம் பிளேடால் கீறப்பட்டிருந்தால் அதுவும் தெரியும். விலை மிகுந்த சிறு பொருள்களை விற்பவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட டேப்பையோ, பிரித்தால் தடம் விடும் முத்திரை டேப்பையோ பயன்படுத்துவது இதற்காகத்தான்.

பேக்கிங் செய்வதைக் காணொளியாக எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இனிமேலாவது எடுங்கள், ஆனால் சரியாக எடுங்கள். பொருளின் வரிசை எண், அது பெட்டிக்குள் போவது, டேப் ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, தராசில் எடை ஆகிய அனைத்தும் இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். கேமராவை மேசைக்கு மேலே பொருத்திவிட்டால் இரண்டு நிமிட வேலை. நடுவில் ஓரிடத்தில் வெட்டு விழுந்தாலும் பார்க்கிறவருக்கு ஐயம் வந்துவிடும். அது நியாயமான ஐயமும்கூட.

கேள்வி: வெளிநாட்டுக்கு அனுப்பிய பார்சல் 16 நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. டிராக்கிங்கில் மாற்றமே இல்லை. வாங்கியவர் தினமும் கேட்கிறார். தொலைந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்வது?

பதில்: நாடு விட்டு நாடு போகும் அஞ்சலில் 16 நாள் மௌனம் என்பது கவலைக்குரியதே தவிர முடிவுக்குரியது அல்ல. அனுப்பிய நாட்டை விட்டுப் புறப்பட்டதாக ஒரு பதிவும், சேரும் நாட்டுக்கு வந்ததாக ஒரு பதிவும் இருக்கும். இரண்டுக்கும் இடையே விமானத்துக்குக் காத்திருப்பது, சுங்கச் சோதனைக்குக் காத்திருப்பது எதுவும் பெரும்பாலும் பதிவாகாது.

முதலில் உங்கள் எண்ணைப் பாருங்கள். உலக அஞ்சல் ஒன்றியத்தின் முறைப்படி வந்த எண்ணாக இருந்தால் 13 இடங்கள் இருக்கும்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஆர் என்று தொடங்கினால் பதிவு அஞ்சல், ஈ என்றால் விரைவு அஞ்சல், சி என்றால் பார்சல். யு என்று தொடங்கும் எண் வழிநெடுகக் கண்காணிப்புக்கு உத்தரவாதம் இல்லாத சிறு பொட்டலங்களுக்கு உரியது. அதில் மாற்றம் வராமலிருப்பது இயல்பே. ஒன்பதாவது இலக்கம், மற்ற எட்டையும் வைத்துக் கணக்கிட்டுப் போடும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், எழுதும்போது ஓர் இலக்கம் மாறினால் பெரும்பாலும் கணக்கு ஒத்துவராது; தளம் அந்த எண்ணை ஏற்காது. அப்படி ஏற்காவிட்டால் பார்சலைத் தேடும் முன் ரசீதைத் தேடுங்கள். எண் சரியென்றால் அதே எண்ணைச் சேரும் நாட்டு அஞ்சல் துறையின் தளத்தில் இட்டுப் பாருங்கள். சுங்கவரி கட்டச் சொல்லி வாங்கியவருக்கு அனுப்பிய அறிவிப்பு, பல நேரங்களில் அங்கேதான் தெரியும்.

அஞ்சல் துறையிடம் முறைப்படி விசாரணை கேட்க, அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து 6 மாதம் வரை உலக அஞ்சல் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஈபேயில், வந்து சேர வேண்டிய கடைசி நாளுக்குப் பிறகு 30 நாள்களுக்குள் அவர் புகார் தொடங்க வேண்டும். தொடங்கியபின் தீர்வு சொல்ல உங்களுக்கு 3 வேலை நாள்கள்தான். பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள்கள் அவருக்கு உண்டு. ஆகவே ‘இன்னும் பத்து நாள், இன்னும் பத்து நாள்’ என்று அவரை இழுத்துக்கொண்டே போய், புகார்க் கெடு முடியும்வரை காக்க வைப்பது நாணயமான செயல் அல்ல. குறித்த நாளுக்கு மேல் இரண்டு வாரம் பாருங்கள். பிறகு அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அஞ்சல் துறையிடமிருந்து வர வேண்டிய இழப்பீட்டை நீங்கள் கேட்டு வாங்குங்கள். அந்த இழப்பீட்டைக் கேட்கும் உரிமை, நீங்களாக விட்டுக்கொடுத்தாலன்றி, பொதுவாக அனுப்பியவருக்கே உரியது. பார்சல் பிறகு வந்து சேர்ந்தால் அதற்கு என்ன செய்வது என்பதையும் பணம் கொடுக்கும்போதே எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணம் செலுத்திய பிறகு, ‘நான் ஊரில் இல்லை, இந்த வேறு முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். ஆர்டரை ரத்து செய்து, பணத்தைத் திருப்பி, சரியான முகவரியோடு மீண்டும் வாங்கச் சொல்லுங்கள். அவர் உண்மையானவராகவே இருந்தாலும், பரிவர்த்தனையில் இருந்த முகவரியை விட்டு நீங்கள் விலகிய அந்த நிமிடத்திலேயே உங்களுக்கான பாதுகாப்பு போய்விடுகிறது. உண்மையான வாடிக்கையாளருக்கு இது ஐந்து நிமிடச் சிரமம். அதற்கும் உடன்படாமல் ‘இன்றே அனுப்பியாக வேண்டும்’ என்று அவசரப்படுத்துபவரிடம் விற்காமலிருப்பதே நல்லது. களவுபோன கடன் அட்டையில் பொருள் வாங்குபவர்கள் கையாளும் வழியும் இதுதான்.

கேள்வி: தளத்தில் தொடுத்த புகாரில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. ஆனால் இரண்டு மாதம் கழித்து வாங்கியவரின் வங்கி வழியாக ‘சார்ஜ்பேக்’ (அட்டையில் செலுத்திய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்பது) வந்து, என் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே வழக்கை இரண்டு முறை விசாரிக்க முடியுமா?
– சோர்ந்துபோன ஒரு சிறு வணிகர்

பதில்: முடியும் என்பதுதான் வருத்தமான பதில். தளத்தின் தீர்ப்பு தளத்தோடு நிற்கிறது. அது அட்டை வழங்கிய வங்கியைக் கட்டுப்படுத்தாது. விசா அட்டை நிறுவனத்தின் விதிகளில் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்ற வகைக்கு 13.1 என்று எண். பொருள் வந்து சேர வேண்டிய நாளிலிருந்து 120 நாள் வரை அட்டைக்காரர் அதைத் தொடங்கலாம். எனவே, தளத்தில் வழக்கு முடிந்துவிட்டது என்று ரசீதையும் படங்களையும் அழித்துவிடாதீர்கள். கூரியர் நிறுவனங்கள் பழைய டிராக்கிங் விவரங்களைச் சில மாதங்களில் தளத்திலிருந்து எடுத்துவிடுகின்றன. டெலிவரி ஆன அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆர்டர் எண்ணைப் பெயராக வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்கு அனுப்பும் விளக்கத்தைப் படிக்கப்போகிறவர், உங்களையும் அறியார், உங்கள் பொருளையும் அறியார். அன்றைக்கு அவர் மேசையில் இதுபோல் எத்தனையோ வழக்குகள் இருக்கும். உங்கள் மனவருத்தத்தை மூன்று பக்கம் எழுதினால் அதில் சான்று புதைந்துபோகும். ஒரே பக்கத்தில், நாள் வரிசையில் எழுதுங்கள்: எந்த நாளில் ஆர்டர் வந்தது, எந்த முகவரி கொடுக்கப்பட்டது, எந்த நாளில் எந்த எண்ணில் அனுப்பினீர்கள், எந்த நாளில் அதே முகவரியில் ஒப்படைக்கப்பட்டது, யார் கையொப்பமிட்டார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்குரிய இணைப்பின் எண்ணைக் குறியுங்கள். டிராக்கிங் பக்கத்தில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால், முழு முகவரியில் ஒப்படைத்தோம் என்று கூரியரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். பொருள் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, அதைப் பற்றி அவர் எப்போதாவது ஒரு செய்தி எழுதியிருந்தால், ‘நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சிறியது’ என்ற ஒரு வரியாக இருந்தாலும், அதை முதல் இணைப்பாக வையுங்கள். தளம் உங்களுக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பையும் சேர்க்கலாம். அது வங்கியைக் கட்டுப்படுத்தாதே தவிர, படிப்பவருக்கு ஒரு துணைச்சான்று. கெடு தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். பதில் வராத வழக்கில், நியாயம் யார் பக்கம் என்று யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கு திறந்திருக்கும்போது, வாங்கியவர் மனம் மாறி ‘பணத்தை நேரடியாக என் கணக்குக்கு அனுப்புங்கள், வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்’ என்றால் அனுப்பாதீர்கள். அவர் திரும்பப் பெறாமல் விட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போய்விடும். திருப்பிக் கொடுப்பது எப்போதும் பணம் வந்த வழியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நான் விற்பவை பழைய புத்தகங்கள். லாபம் மிகக் குறைவு. டிராக்கிங் வசதியோடு அனுப்பினால் எதுவும் மிஞ்சாது. சாதாரணத் தபாலில் அனுப்பித் தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இல்லை. அனுப்பியதற்கு ரசீதுகூட இல்லாத வழக்கில் எந்தத் தளமும் விற்றவர் பக்கம் தீர்ப்பு சொல்லாது, சொல்லவும் கூடாது. நூறு புத்தகம் அனுப்பினால் எத்தனை தொலைகின்றன என்று ஓர் ஆண்டுக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள். அந்த இழப்பு, நூறுக்கும் டிராக்கிங் கட்டணம் கட்டுவதைவிடக் குறைவாக இருந்தால் சாதாரணத் தபாலிலேயே அனுப்பலாம். ஆனால் இழப்பை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் மட்டுமே. அப்போது கேட்பவரிடம் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு புத்தகத்தை அப்படி அனுப்பியிருக்கிறேன். வரவில்லை என்றார் வாங்கியவர். நம்பிக்கையில்லாமலேதான் பணத்தைத் திருப்பினேன். ஏழு வாரம் கழித்து அந்தப் பொட்டலம் என் வாசலுக்கே திரும்பி வந்தது. மழைநீரில் மை கரைந்து, பெறுநர் முகவரி இருந்த இடத்தில் ஒரு நீலத் திட்டு மட்டும் இருந்தது. அனுப்புநர் முகவரி மறுபக்கத்தில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. அவரை ஏழு வாரம் மனத்துக்குள் பொய்யராக வைத்திருந்ததற்காக அன்றே எழுதி மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து முகவரியின் மேல் அகலமான ஒளிபுகும் டேப் ஒட்டாமலும், இரண்டு முகவரிகளையும் எழுதிய ஒரு சீட்டை உறைக்குள்ளே வைக்காமலும் நான் எதையும் அனுப்புவதில்லை. லேபிள் கிழிந்துபோன பார்சல்களை அஞ்சல் துறை பிரித்துப் பார்க்கும்போது, அந்தச் சீட்டை வைத்துத்தான் உரியவரிடம் சேர்க்க முடியும்.

கேள்வி: நான் வாங்குபவன். எனக்கு எதுவும் வரவில்லை. டிராக்கிங்கில் மட்டும் என் ஊரில் டெலிவரி ஆனதாக இருக்கிறது. விற்றவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். என்னால் எப்படி நிரூபிக்க முடியும்?

பதில்: வரவில்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. ஆனால் வேறு இடத்துக்குப் போனது என்பதை நீங்கள் காட்ட முடியும். உங்கள் பகுதியில் வேறொரு முகவரிக்கு ஒரு வெற்று உறையை அனுப்பி, ஊர்ப்பெயர் ஒத்துப்போகும் டிராக்கிங் எண்ணைக் காட்டும் மோசடி பரவலாக நடக்கிறது. பொது டிராக்கிங் பக்கத்தில் தெருப்பெயர் இல்லாததே அதற்கு இடம் கொடுக்கிறது. அந்த எண்ணோடும் உங்கள் அடையாளச் சான்றோடும் கூரியரின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போய், ‘இந்தப் பார்சல் என் முகவரிக்கு எழுதப்பட்டதா? எடை எவ்வளவு?’ என்று மட்டும் கேளுங்கள். மற்றவர் முகவரியை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ‘இது உங்கள் முகவரிக்கு வந்தது அல்ல’ என்று எழுதித் தர இணங்கலாம். நீங்கள் வாங்கியது இரண்டு கிலோ எடையுள்ள பொருள், பதிவிலோ 20 கிராம் என்றால் அந்த ஒரு வரியே போதும். அதைத் தளத்தில் இணையுங்கள். பேபால் வழியாகப் பணம் கொடுத்திருந்தால், முதலில் தொடுத்த தகராறை 20 நாளுக்குள் முறையான கோரிக்கையாக உயர்த்தியாக வேண்டும். உயர்த்தாவிட்டால் அது தானாகவே மூடிக்கொள்ளும், மீண்டும் திறக்க முடியாது. விற்றவர் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று எத்தனை முறை எழுதினாலும் அந்த இருபதாம் நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.